ஈரத் துண்டோடு எடுத்த அளவு

குற்றாலம்,
24-6-1985

அன்புள்ள மொழிக்கு,

கணபதி எழுதுவது. அம்மா நலம், விடுதி நலம், நான் அரை நலம். உன் முழு நலத்தை உடனே எழுது.

சாரல் இந்த வருடம் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு வந்ததுபோல் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. மெயின் அருவியில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு நாள் போலீஸ்காரர்கள் ஆளை உள்ளே விடவில்லை. நம் விடுதியில் பன்னிரண்டு அறையும் நிறைந்துவிட்டன. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்கள் ஒன்பது பேர் ஒரே அறையில் அடுக்கி வைத்த மாதிரிப் படுத்துக்கிடக்கிறார்கள். நேற்று மொட்டைமாடியில் ஒருவர் கழற்றி வைத்த பல்செட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மனிதர் மத்தியானம் வரைக்கும் அந்தக் குரங்கைக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். அது கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் கீழே போட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீசனுக்கு நாலாம் நம்பர் அறையை எடுத்து வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம், தலை பாரமாக இருக்கிறது என்று சும்மா கையை நீட்டினேன். பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. நம்பாமல் அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்த சனிக்கிழமையும் பார்த்தார். கிட்டத்தட்ட அதேதான். "முப்பத்தஞ்சு வயசுல இது ஆகாது தம்பி. இப்படியே விட்டா கிட்னியில கொண்டுபோய் விட்டுரும்" என்று மாத்திரை எழுதிவிட்டார். உப்பையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அம்மா ஒரே புலம்பல். "கட்டுன பொண்டாட்டி எலியோட கிட்னியைப் பாக்க ஏழு கடல் தாண்டிப் போயிருக்கா. இங்கன புருஷனோட கிட்னியைப் பாக்க ஆளில்ல" என்கிறாள். 

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது என்கிறாய். குற்றாலநாதர் கோயிலில் இருக்கிற குழல்வாய்மொழி அம்மன் ஒருநாள்கூட ஊரை விட்டுப் போனதில்லை. அவள் பேரை வைத்துக்கொண்டு நீ மட்டும் இப்படிப் பண்ணலாமா? படித்தது போதும் மொழி. தீபாவளிக்குள் வந்துவிடு. உன் கல்லூரி வேலை பாளையங்கோட்டையில் அப்படியேதான் இருக்கிறது.

உன்
கணபதிசுப்பிரமணியன்


சின்சினாட்டி,
6-7-1985

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மொழி வணக்கத்தோடும் கொஞ்சம் கலக்கத்தோடும் எழுதுகிறேன். பல்செட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. நூற்றெழுபதா? நான் கிளம்பும்போது நீங்கள் ஐந்தருவிக்கு நடந்து போய் நடந்து வருகிற மனிதராயிற்றே.

மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள். மயக்கம் வருகிறதா, எப்போது வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். எந்த நேரத்தில், எப்படி இருக்கும்போது டாக்டர் அளக்கிறார் என்பதையும் எழுதுங்கள். சும்மா கேட்கவில்லை. நான் இங்கே இரவல் வாங்கிப் படிப்பதெல்லாம் இதைப் பற்றித்தான்.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று அத்தை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கில் சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் செல்கள் உண்டு. அவை இறுகினால் வடிகட்டி சுருங்கும். உடம்பில் தண்ணீர் வற்றினாலோ ரத்தம் குறைந்தாலோ உடம்பு சில ஹார்மோன்களை அனுப்பும். ஆஞ்சியோடென்சின் ஒன்று, வாசோப்ரெசின் இன்னொன்று. ரத்தக் குழாயை இறுக்குவதுதான் அவற்றின் வேலை. அவை இந்தச் செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளே கால்சியம் அயனி சட்டென்று ஏறுகிறது. சாதாரணமாகச் செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். தட்டிய சில வினாடிகளில் உள்ளறையில் பூட்டி வைத்த கால்சியம் எல்லாம் கொட்டிவிடும். செல் இறுகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் வழித்தெடுத்து மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க இந்த வருடம்தான் ஒரு புதுச் சாயம் வந்திருக்கிறது. கால்சியம் ஏறினால் அதன் ஒளி மாறும், கருவி தாளில் கோடு போடும். ஹார்மோன் ஊற்றியதும் கோடு மலையேறுவதைப் பார்க்க வேண்டுமே, நம் பொதிகை மாதிரி எழும். செல்லெல்லாம் எலியுடையதுதான். உங்கள் பேர்க்காரரின் வாகனம். அவரிடம் என் சார்பாக ஒரு தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே ஹார்மோனை உடனே இரண்டாம் தடவை ஊற்றினால் செல் அசையாது. அத்தையின் புலம்பலை நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

சிரித்தது போதும். எனக்கும் இங்கே ஒரு தலைவலி. ஹார்மோன் கலக்காத வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றினாலும் என் கோடு ஏறுகிறது. அது ஏறவே கூடாது. பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது. செப்டம்பருக்குள் சரிசெய்யாவிட்டால் என் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார். உதவித்தொகையின் இரண்டாம் வருடமும் போய்விடும். ஒன்பது மாத உழைப்பு அத்தான். ஆனால் உங்கள் உடம்பைவிட அது பெரிதில்லை. உண்மை நிலவரத்தை எழுதுங்கள். வரத்தான் வேண்டும் என்றால் வருகிறேன்.

அன்பு மாறாத
மொழி


குற்றாலம்,
19-7-1985

அன்புள்ள மொழிக்கு,

கணபதி எழுதியது. உன் கடிதத்தை நானும் படித்து, அம்மாவுக்கும் அங்கங்கே படித்துக் காட்டினேன். எலிக்காகத் தேங்காய் உடைத்தாயிற்று. உடைத்த தேங்காயில் சட்னி அரைத்தாள், உப்பில்லாமல். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கென்று தனியாக ஆக்க முடியாது என்று அவளும் உப்பில்லாமலே சாப்பிடுகிறாள். ஒரு வீட்டில் இரண்டு தண்டனை.

எப்போது அளக்கிறார் என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமை தோறும்தான். டாக்டரைப் பார்க்க அழுக்கு உடம்போடு போக முடியுமா? குளித்து முழுகித்தானே போக வேண்டும்? காலையில் எண்ணெய் தேய்த்து, கூட்டம் வருமுன் மெயின் அருவியில் போய் நின்றுவிடுவேன். இந்த வருடத் தண்ணீர் இருக்கிறதே, ஐஸ்தான். முதல் அடி தலையில் விழுந்ததும் மூச்சு நிற்கும், உடம்பு மரக்கட்டையாக இறுகிவிடும். கைவிரல் வெளுத்துப்போகும். அது தீர்த்தமா, மருந்தா, மூலிகைத் தண்ணீரா என்றெல்லாம் உடம்பு விசாரித்துக்கொண்டு நிற்காது. தண்ணீர் விழுந்ததா, இறுக வேண்டியதுதான்.

அப்புறம் ஈரத் துண்டோடு ஓட்டமும் நடையுமாக விடுதிக்கு வருவேன். நாலாம் நம்பரில் கூட்டம் சேருமுன் போனால்தானே நமக்கு முதல் ஆள் மரியாதை? பல் கிடுகிடுவென்று அடிக்க, கையை நீட்டுவேன். அவரும் பட்டையைச் சுற்றி அழுத்துவார். "தம்பி, குறையவே மாட்டேங்குதே" என்பார். போன வாரம் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டார். அதிலிருந்து குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கல்லாவில் உட்கார்ந்தவன் அப்படியே மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"அவளை வரச் சொல்லுலே, நான் கண்ணை மூடுததுக்குள்ள உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்" என்று அம்மா சொல்கிறாள். உன் தலைவலிதான் என்னவென்றே தெரியாத தலைவலியாயிற்றே. ஏறக் கூடாத கோடு ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும். விட்டுவிட்டு வா மொழி.

உன்
கணபதி


சின்சினாட்டி,
1-8-1985

என் அன்பு அத்தானுக்கு,

நலமா என்று கேட்கும் முன்னால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு விஞ்ஞானி. உங்களுக்கே தெரியாது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். 'தண்ணீர் விழுந்ததா, இறுக வேண்டியதுதான்' என்ற வரியில் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் என் உப்புத் தண்ணீர்ப் புட்டி குளிர்ப்பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறேன். அவற்றின் தலையில் குளிர்ப்பெட்டித் தண்ணீரை எடுத்து ஒரே வேகமாக ஊற்றுகிறேன். இத்தனை மாதமாக என் எலிச் செல்களைக் குற்றாலத்து மெயின் அருவியில் நிறுத்தியிருக்கிறேன் அத்தான்!

அன்றைக்கே தண்ணீரைச் செல்லின் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினேன். பாத்திரத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கோடு அசையவில்லை. படுத்தது படுத்தபடி கிடந்தது. ஹார்மோன் கலந்து அதே மாதிரி விட்டேன். எழுந்தது பாருங்கள்! குளிரில் செல்தான் திடுக்கிட்டதோ, சாயம்தான் தப்பாகக் காட்டியதோ, அது இனிமேல் பார்க்க வேண்டியது. எப்படியானாலும் இத்தனை நாள் பாதி ஆட்டம் குளிருடையது. மிச்சம்தான் ஹார்மோனுடையது. ஆறு தடவை செய்துவிட்டேன், ஆறு தடவையும் அப்படியே வந்தது. பேராசிரியர் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

இப்போது நீங்கள். உங்களை அளந்ததும் இதே லட்சணம்தான். பச்சைத் தண்ணீர் மேலே விழுந்தால் மனித உடம்பு அதே மாதிரி ரத்தக் குழாயை இறுக்கும் ஹார்மோனைக் கொட்டும், அழுத்தம் ஏறும். ஈரத் துண்டோடு, நடுங்கிக்கொண்டு, ஓடி வந்த மூச்சோடு கையை நீட்டினால் யாருக்குத்தான் ஏறாது? உங்கள் டாக்டர் அளந்ததில் பாதி அருவியை. அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

தயவுசெய்து தென்காசிக்குப் போங்கள். துல்கர்னைன் அண்ணாச்சி கம்பவுண்டராக இருக்கிற ஆஸ்பத்திரியில், அருவிக்குப் போகாத மூன்று நாள் காலையில், காய்ந்த சட்டையோடு, காபி குடிக்காமல், கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அங்கே டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

அளவு எவ்வளவென்று உடனே எழுதுங்கள். அப்போதும் அதிகம் என்றால் நான் வந்துவிடுகிறேன். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் எனக்குக் கொடுங்கள். இந்தக் கோட்டை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அத்தைக்கு என் வணக்கம்.

காத்திருக்கும்
மொழி


குற்றாலம்,
19-8-1985

அன்புள்ள மொழிக்கு,

கணபதி எழுதியது. உன் கோடு படுத்தது பற்றி ரொம்ப சந்தோஷம்.

சாரல் குறைந்துவிட்டது. ஆடி போய் ஆவணி வந்தும் கூட்டம் குறையவில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது, படம் எடுக்க வந்த ஆட்கள் நாலு பேர் ஏழாம் நம்பரில் தங்கியிருக்கிறார்கள். புளியறை செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு முழுக்க நேந்திரங்காய். வேறு விசேஷம் இல்லை.

நீ சொன்னபடி தென்காசியில் அளந்தேன். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. தலைசுற்றல் இருக்கிறது. அம்மா தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்றதை நீயே யோசித்து முடிவு செய்.

கணபதி


சின்சினாட்டி,
31-8-1985

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அதிலேயே உங்கள் உடம்பு தெரிகிறது.

யோசித்துவிட்டேன். செப்டம்பர் 28 சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. பேராசிரியரிடம் சொன்னேன். "இப்போதுதானே சரியாக வந்தது" என்றார். என் மேஜையும் குறிப்பேடும் பக்கத்து அறையில் இருக்கும் ஜப்பானியருக்குப் போகின்றன. நல்ல மனிதர், தலை குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக வருமாம்.

வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நேற்று கடைசியாக ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுப் பார்த்தேன். கோடு அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் நீங்கள் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பம்பாய் வந்து, அங்கிருந்து மதுரை. ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், அலைச்சல். நானே வந்துவிடுவேன். அதுவரைக்கும் தனியாகப் படியேறாதீர்கள்.

உங்கள்
மொழி


தந்தி
தென்காசி, 12-9-1985

உடம்பு பூரண நலம். வர வேண்டாம். டிக்கெட்டை நிறுத்து. கடிதம் பின்னால். கணபதி.


குற்றாலம்,
12-9-1985

மொழிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது? தந்தி கொடுத்துவிட்டு நேரே வந்து இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 14, 16, 17 மூன்று நாளும் நீ சொன்னபடியே தென்காசியில் போய் உட்கார்ந்தேன். துல்கர்னைன் அண்ணாச்சிதான் அளந்தார். முதல் நாள் நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு. இரண்டாம் நாள் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. மூன்றாம் நாளும் அதேதான். "ஏ கணபதி, உனக்கு எவன் இத்தனை மாத்திரை கொடுத்தான்?" என்று அண்ணாச்சி சிரித்தார். அங்கே இருந்த டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். தலைசுற்றல் அந்த வாரமே போய்விட்டது, மாத்திரை நின்ற பிறகும் அளவு ஏறவில்லை. நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

நல்ல செய்தி கேட்டு முகம் தொங்கிப்போன நோயாளி தென்காசியிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அளவு சரியாக இருந்தால் நீ இன்னும் ஒரு வருடம் அங்கே இருப்பாய். அதை நீயே எழுதியிருந்தாய். உன்னை வரவழைக்க என்னிடம் இருந்த ஒரே சாக்கு அந்த நூற்றெழுபதுதான். அதையும் நீ தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கரைத்துவிட்டாய். அதனால்தான் 'மாறவில்லை' என்று எழுதினேன்.

உன் டிக்கெட் கடிதம் நேற்று வந்தது. வாசித்தேன். நீ அழுத இடத்தை இன்னொரு முறை வாசித்தேன். அப்படியும் தந்தி கொடுக்க எழுந்திருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்று காலை அம்மா என் சட்டையை ஊறப்போடும்போது பையில் இருந்த அண்ணாச்சியின் சீட்டை எடுத்துவிட்டாள்.

"ஏலே, இது என்ன சீட்டு? நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. ஒரு மாசத்துக்கு முந்தின தேதி. பெறகு எதுக்குலே என்னை உப்பில்லாம ஆக்கச் சொன்னே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வரச் சொல்கிறாள் என்று உனக்கு எழுதியதையும் சொன்னேன். அவள் அப்படியே வாளிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எப்பலே சொன்னேன்? அவளை வரச் சொல்லணும்னா நானே சொல்லமாட்டேனா? எனக்கு வாயில்லையா? அவ அங்கன என்னமோ ஒண்ணைக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கா. நீ இங்கன உக்காந்துக்கிட்டு என் பேரைச் சொல்லி அதைக் கெடுத்துட்டியேலே. உனக்கு அவ வேணும்னா எனக்கு அவ வேணும்னு உன் பேரைப் போட்டு எழுதுலே."

ஆமாம் மொழி. முதல் கடிதத்திலிருந்து அம்மா புலம்பியதாக எழுதினேனே, ஒன்றுகூட அம்மா சொன்னதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அம்மா இல்லை, நான். விடுதி நிறைய ஆட்கள் இருந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் சேர்ந்து மாடியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன்னை வா என்று சொல்ல இனி எனக்கு யோக்கியதை இல்லை. இரு. முடித்துவிட்டு வா. மேஜையைத் திருப்பிக் கேள். ஜப்பான்காரரிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள். பதில் எழுத மனமில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

கணபதிசுப்பிரமணியன்


சின்சினாட்டி,
24-9-1985

கணபதிசுப்பிரமணியன் அவர்களுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. கடிதமும் சனிக்கிழமை கிடைத்தது. இரண்டு நாள் அதை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தேன்.

கோபம் அத்தான். சாதாரணக் கோபம் இல்லை. என் சோற்றுப் பானையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தாயிற்று. குளிருக்கு வாங்கிய கோட்டைக் கொடுத்தாயிற்று. ஒரு வருட வேலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் புன்னகையோடு நின்றேன். உங்கள் உடம்புக்காக என்று நினைத்தேன். தந்தி வந்த அன்று 'பூரண நலம்' என்பதைப் படித்து முதலில் சந்தோஷத்தில் அழுதேன். அதற்கப்புறம் கடிதத்தைப் படித்து அழுததற்குச் சந்தோஷம் காரணம் இல்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இன்னொரு தரம் என்னிடம் பொய் சொன்னால் நான் கோயிலில் இருக்கிற குழல்வாய்மொழி மாதிரிக் கல்லாகிவிடுவேன்.

பானை திரும்பி வந்துவிட்டது. மேஜையும் வந்துவிட்டது. அந்த ஜப்பானியர் குறிப்பேட்டை ஒரு பக்கம்கூடத் திறக்காமல் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். "நீங்கள் போகமாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். பேராசிரியர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்ப் புட்டியை அவரே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இரண்டாம் வருட உதவித்தொகை உறுதியாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கும் தாளைப் பாருங்கள். மேலே எழும் கோடு ஆஞ்சியோடென்சின். கீழே படுத்திருக்கும் கோடு வெறும் தண்ணீர். கீழ்க்கோட்டை எனக்குக் கொடுத்தது நீங்கள். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் உங்களோடு மறுபடி பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. எங்கள் தொழிலில் முதல் பாடம், எதையும் கலக்காத வெறும் தண்ணீரை முதலில் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்பது. நீங்கள் அதைச் செய்யவே இல்லை. 'நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று ஒரு வரி வெறுமனே எழுதிப் பார்க்கவில்லை. பிரஷரைக் கலந்தீர்கள், கிட்னியைக் கலந்தீர்கள், பாவம், வாயில்லாத அத்தையையும் கலந்தீர்கள். நான் எதற்கு அசைந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஒரு வருடமாக எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்? மாத்திரை சாப்பிடுங்கள், படியேறாதீர்கள் என்று எழுதினேனே தவிர, 'வாங்க' என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. விடுதியை விட்டு நீங்கள் வரமாட்டீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உங்களைக் கேட்கவே இல்லை.

இப்போது கேட்கிறேன். கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிமார் வருவார்கள், சரி. மகரவிளக்கு முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பிறகு அடுத்த சாரல் வரை அந்த விடுதியில் உங்களையும் குரங்குகளையும் தவிர யார் இருக்கிறார்கள்? அத்தை ஒரு மூன்று மாதம் தென்காசி வீட்டில் தன் தங்கையோடு இருந்துகொள்வார்கள். நிம்மதியாக உப்புப் போட்டுச் சாப்பிடுவார்கள்.

என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிர்த் திசையில் ஒன்று வாங்கிவிட்டேன். உங்கள் பெயரில். 1986 பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை. எண்ணெய் தேய்க்காமல் கிளம்புங்கள்.

வாங்க.

மொழி


தென்காசி,
7-10-1985

அன்புள்ள, அன்புள்ள மொழிக்கு,

இரண்டு தடவை எழுதியதில் ஒன்று போன கடிதத்துக்கு.

இதைத் துல்கர்னைன் அண்ணாச்சியின் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்கு முறை. அருவிக்குப் போகவில்லை. சட்டை காய்ந்திருக்கிறது. காபி குடிக்கவில்லை. கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தும் இருந்தேன். உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் ஆறுமுகநயினார் தெருவில் போனார். குற்றாலத்துக்கு அனுப்ப வைத்திருந்த என் கடிதத்தை அங்கேயே கொடுத்துவிட்டார். பிரித்தேன்.

அப்புறம்தான் அளந்தார். நூற்று ஐம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு.

அண்ணாச்சி பட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா, மறுபடி ஏறிட்டு? காலையில அருவியில போய் நின்னியா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு?"

தாளை எடுத்துக் காட்டினேன். கடிதத்தை நீட்டுவதாக நினைத்து உன் கோட்டுத் தாளை நீட்டியிருக்கிறேன், அவர் கோட்டைத்தான் பார்த்தார். "வீட்டுல இருந்து வந்திருக்கு. என்னை வரச் சொல்லியிருக்கா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு, "இதை நாம கணக்குல சேர்க்க வேண்டாம். ஒரு அரை மணி நேரம் உக்காரு, எழுதணும்னா எழுது, பெறகு பாப்போம்" என்று காகிதமும் கொடுத்தார். அந்தக் காகிதம்தான் இது.

பொய் சொல்லக் கூடாது என்றாயே, அதனால் அடித்த அளவையும் உனக்கு எழுதிவிட்டேன்.

பாஸ்போர்ட் மனுவுக்கு எங்கே போக வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும், அவர் மச்சான் துபாயில் இருக்கிறார். நாளைக்கே போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாக ஊறுகாய் போட ஆரம்பித்துவிடுவாள், மூன்று மாத உப்பையும் ஒரே ஜாடியில் சேர்த்து.

எனக்கு நீ வேணும் மொழி. இதில் வேறு எதையும் கலக்கவில்லை.

அரை மணி ஆகிவிட்டது. அண்ணாச்சி கூப்பிடுகிறார். இப்போதும் இறங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இதற்கு என்ன ஹார்மோன் என்று வந்து உன்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உன்
கணபதி